அக்காவிடம் கேளுங்கள்: ‘நம்ம பசங்க’ எத்தனை பேர்?

கேள்வி: அக்கா, நான் செந்தூலில் படிவம் நான்கு படிக்கிறேன். போன மாதம் கோச் சார் என்னைப் பள்ளி ஹாக்கி குழுவுக்குக் கேப்டனாகப் போட்டார். என்னைவிட நன்றாக ஆடும் ஒருவன் குழுவில் இருக்கிறான், அவனுக்கு இதில் வருத்தம், முகம் கொடுத்தே பேசுவதில்லை. நம்ம பசங்க ஆறு பேர் நான் சொன்னால் கேட்கிறார்கள், மற்றவர்கள் கண்டுகொள்வதே இல்லை. போன வாரம் பயிற்சிக்கு லேட்டாக வந்த ஒருவனை எல்லார் முன்னாலும் ஏசிவிட்டேன். அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் நான் எது போட்டாலும் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. கைப்பட்டையைச் சாரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: பட்டை உன் கையிலேயே இருக்கட்டும் தம்பி. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டாம் தடவை ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். ‘நம்ம பசங்க ஆறு பேர்.’ ஹாக்கியில் திடலில் இறங்குபவர்கள் 11 பேர், வெளியே உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்தால் 16 வரை போகும். அந்த ஆறு போக மிச்சப் பேர் யாருடைய பசங்க?

நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். 90களில் கேஎல்லில், அதாவது கோலாலம்பூரில், என் பள்ளிக்கு ஆடியபோது நானும் இன்னும் நாலு தமிழ்ப் பிள்ளைகளும் திடலில் தமிழிலேயே கத்திக்கொள்வோம், எதிரணிக்குப் புரியாது, ஏதோ பெரிய தந்திரம் என்று நினைப்பு. ஒரு ஆட்டத்தில் எங்கள் வட்டத்துக்குள் பந்து வந்தது, “விடு, நான் வர்றேன்!” என்று நான் கத்தினேன், ஆனால் பந்துக்குப் பக்கத்தில் நின்றது மலாய்த் தோழி. அவளும் ஓடினாள், நானும் ஓடினேன், மோதிக்கொண்டு இரண்டு பேரும் விழுந்தோம், பந்து சாவகாசமாகக் கோலுக்குள் போனது. வீங்கிய உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு, “அடுத்த தடவை எனக்கும் புரியிற மாதிரி சொல்லு லா” என்று மலாயில் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் அன்றைக்குக் கேப்டன்.

அதனால் முதல் வேலை, திடலில் எல்லாருக்கும் புரியும் மொழியில் பேசு. நீளமாகப் பேச அங்கே நேரமும் கிடையாது, பெயரை முதலில் சொல், அப்புறம் கிரியா கானானா (மலாயில் இடமா வலமா), போதும். பந்து கைவிட்டுப் போன பிறகு “என்னடா பண்றே” என்று கத்துவது யாருக்கும் உதவாது, பின்னால் ஆள் வருகிறது என்று அதற்கு முன்னால் சொன்னால்தான் அது உதவி. தண்ணீர் குடிக்கும் நேரத்திலும் அந்த ஆறு பேரோடு போய் உட்காராதே. இது அற்ப விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் பையன்கள் இதைத்தான் கவனிப்பார்கள்.

உன் தாத்தாவுக்கு ஹாக்கி பிடிக்கும் என்றால் 1975 பற்றிக் கேட்டுப் பார். உலகக் கிண்ணம் நம் கேஎல்லில்தான் நடந்தது, மலேசியா நான்காம் இடம் பிடித்தது, அரையிறுதியில் இந்தியாவைக் கூடுதல் நேரம் வரை இழுத்து 3-2 என்றுதான் தோற்றது. கேப்டன் ஸ்ரீ சண்முகநாதன். கோலில் கைருடின் ஜைனால், மற்றும் பூன் ஃபூக் லோக், ஃபிராங்கோ டி குரூஸ், மகேந்திரன். அந்தக் குழுவில் யார் யாரை ‘நம்ம பசங்க’ என்று சொல்லியிருப்பார்கள், நீயே யோசி.

லேட்டாக வந்தவன் விஷயம். எல்லார் முன்னாலும் ஏசினாய் அல்லவா, மன்னிப்பும் எல்லார் முன்னாலும்தான், தனியாகக் கூப்பிட்டுக் காதில் கேட்டால் அது கணக்கில் சேராது. ஏன் லேட் என்று மட்டும் தனியாகக் கேள். தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போய் வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருகிறானோ என்னவோ, கேட்டால்தானே தெரியும். வாட்ஸ்அப்பில் இனிமேல் நேரம், இடம், ஜெர்சி நிறம், அதோடு நிறுத்திக்கொள்.

உன்னைவிட நன்றாக ஆடுகிறானே, அவனுக்கு ஹாக்கி விதியைக் காட்டு. குழுவின் நடத்தைக்கும் ஆட்களை முறையாக மாற்றுவதற்கும் கேப்டன்தான் பொறுப்பு, அதைச் சரியாகச் செய்யாவிட்டால் தண்டனை கேப்டனுக்கே வரும். யாரோ செய்யும் அட்டகாசத்துக்கு நீ கிரீன் கார்டு வாங்கி 2 நிமிடம் வெளியே உட்காரலாம் என்று தெரிந்தால் பொறாமை பாதி குறைந்துவிடும்! மீதிப் பாதிக்கு, பெனால்டி கார்னரை என்ன செய்யலாம் என்று அவனிடம் யோசனை கேள், சும்மா ஒப்புக்குக் கேட்காமல் அவன் சொன்னதைப் பயிற்சியில் செய்து பார். கோச்சிடமும் முதலிலேயே சொல்லி வை.

கேள்வி: மகள் நெட்பால் கேப்டன் ஆகியிருக்கிறாள். இதற்குப் புறப்பாடப் புள்ளி கிடைக்குமா? டியூஷன் கெடுகிறதே என்று பார்க்கிறேன்.
- ஒரு தந்தை, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: கிடைக்கும் ஐயா. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. பள்ளி போடும் புறப்பாடப் புள்ளியில் பதவியோடு வருகையும் சேரும், அதனால் டியூஷனுக்காகப் பயிற்சியை நிறுத்தினால் நீங்கள் கேட்ட புள்ளியே குறையும். டியூஷனை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று டீச்சரிடம் கேளுங்கள்.