ரயிலிலிருந்து பார்த்த பெண்

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை'யை க.நா.சு. மொழிபெயர்ப்பில் கல்லூரி நாட்களில் படித்தேன். '1984' நாவலைச் சென்ற மாதம்தான் முடித்தேன். அதற்குப் பிறகு சில நாள் சரியாகத் தூக்கமில்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் அதைப் பற்றிப் பேசியபோது மூத்த நண்பர் ஒருவர், "அவர் நாவலாசிரியரே இல்லை, பத்திரிகைக்காரர். கட்டுரைக்குக் கதைச் சட்டை மாட்டிவிட்டார்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. நானும் சிறுகதை எழுதிப் பார்க்கிறேன். என் கதை ஒன்றை 'இது கட்டுரை' என்று ஒரு இதழ் திருப்பி அனுப்பியது. அதனால் இது எனக்குச் சொந்தக் கேள்வியும்கூட. ஆர்வெலிடம் புனைவும் அரசியல் எழுத்தும் எப்படிச் சேர்கின்றன?

ம.

அன்புள்ள ம.,

1936 பிப்ரவரியில் ஆர்வெல் வட இங்கிலாந்தில் விகன் என்ற ஊரில் தங்கியிருந்தார். சுரங்கத் தொழிலாளர்களும் வேலையிழந்தவர்களும் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து எழுதப் போனவர். அங்கே ஒரு நாள் குறுகலான சந்து ஒன்றில் நடந்துபோகும்போது ஒரு பெண்ணைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். இளவயது, வெளிறிய முகம். கடும் குளிரில் சாக்கடையோரம் மண்டியிட்டு, அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயைக் குச்சியால் குத்திக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள். கண்ணோடு கண் சந்திக்கிறது.

அடுத்த ஆண்டு வந்த 'தி ரோட் டு விகன் பியர்' நூலிலும் அதே பெண் இருக்கிறாள். ஆனால் அங்கே ஆர்வெல் ஊரைவிட்டுக் கிளம்பும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். அவள் நிமிர்கிறாள். கண்கள் சந்திக்கவில்லை, சந்திக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட நெருக்கத்தில் இருந்ததாக மட்டும் சொல்கிறார். ரயில் போய்விடுகிறது.

சந்துக் காட்சியை ரயில் காட்சியாக மாற்றியது நாவலாசிரியரின் கை. பார்க்க வந்தவனால் கிளம்பிப் போக முடியும், அவளால் முடியாது. இதை ஒரு வாக்கியத்தில்கூடச் சொல்லாமல் ரயிலை வைத்தே சொல்லிவிட்டார். தனக்கு நேர்வது என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும் என்று மட்டும் எழுதுகிறார். செய்திக் கட்டுரையில் ஒரு நிருபர் இப்படி இடத்தை மாற்றினால் நான் ஏற்க மாட்டேன். ஆர்வெலிடம் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் உங்கள் நண்பரின் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அவருடைய கட்டுரைக்குள் கதைசொல்லி எப்போதும் விழித்திருந்தார்.

பர்மாவைப் பற்றி எழுதியவற்றை நாம் வேறொரு நெருக்கத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. பிறந்ததே பீகாரின் மோதிஹாரியில், 1903இல். அப்பா அபின் துறை அதிகாரி. கைக்குழந்தையாக இங்கிலாந்து போனவர், 1922இல் பர்மாவுக்குப் போலீஸ் அதிகாரியாக வந்து ஐந்து ஆண்டுகள் இருந்தார். அந்த அனுபவத்திலிருந்து வந்த மூன்று எழுத்துகளில் நம் பக்கத்து மனிதர்கள் நிற்கிறார்கள். தூக்குத் தண்டனையைப் பற்றிய கட்டுரையில் தலைமைச் சிறைக்காவலர் பிரான்சிஸை 'திராவிடர்' என்கிறார். 'பர்மீஸ் டேஸ்' நாவலில் டாக்டர் வீராசாமி. மதம்பிடித்த யானையைச் சுட்ட கட்டுரையில், அந்த யானை மிதித்துக் கொன்ற கூலியாள்.

அந்தக் கூலியாளின் உடலைக் கண் கூசும் அளவுக்குத் துல்லியமாக எழுதுகிறார். சேற்றில் குப்புறக் கிடக்கிறான், முயலை உரித்ததுபோல முதுகுத் தோல் உரிந்திருக்கிறது, கண்கள் திறந்திருக்கின்றன. பெயர் இல்லை. கடைசியில் இளம் வெள்ளைக்கார அதிகாரிகள் பேசிக்கொள்கிறார்கள்: ஒரு கோரங்கிக் கூலியைவிட யானைக்கு விலை அதிகம். கோரங்கி என்பது காக்கிநாடா பக்கத்துத் துறைமுகம். அங்கிருந்து கப்பலேறிப் போன தெலுங்கு உழைப்பாளிகளுக்கு பர்மாவில் அதுவே பெயராகிவிட்டது. பிறகு ஆர்வெல் தன்னைப் பற்றி ஒன்று சொல்கிறார். அந்த மனிதன் செத்துப்போனதில் தனக்குச் சந்தோஷம்தான், சட்டப்படி யானையைச் சுட்டதற்கு அது காரணமாகிவிட்டதே என்று. கூட்டத்தின் முன் முட்டாளாகத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் சுட்டேன் என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த இடம் வரும்போதெல்லாம் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறேன். ஏகாதிபத்தியம் கெட்டது என்று எழுதியவர்கள் பலர் உண்டு. அது தன்னை எந்த அளவுக்குக் கீழே இறக்கியது என்று காட்ட, தன் மனதின் மிக அசிங்கமான நினைப்பை எடுத்து மேசைமேல் வைத்தவர்கள் எத்தனை பேர்?

நாவலில் இதே விஷயம் தலைகீழாக வருகிறது. வெள்ளைக்காரனான ஃப்ளோரி பேரரசைத் திட்டுகிறான், வீராசாமி அதற்காக உருகி வாதாடுகிறார். வெள்ளையர் கிளப்பில் ஓர் இடம் கிடைத்தால் போதும், தன்னை யாரும் அசைக்க முடியாது என்று நம்புகிறார். கட்டுரையில் இந்த இரட்டை முடிச்சைப் போட்டிருக்க முடியாது, அதற்கு இரண்டு மனிதர்கள் ஒரு வராந்தாவில் உட்கார்ந்து பேச வேண்டும். 1934இல் அந்த நாவல் முதலில் அமெரிக்காவில்தான் வந்தது. அவதூறு வழக்கு வருமோ என்று லண்டன் பதிப்பாளர்கள் பயந்தார்கள்.

அதையடுத்து எழுதிய இரண்டு நாவல்கள் பலவீனமானவை. மறுபதிப்பு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால், நானும் அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போர்தான் மையம். 1936 டிசம்பர் கடைசியில் பார்சிலோனா போனவர், பி.ஓ.யு.எம். என்ற சிறிய மார்க்ஸியக் கட்சியின் படையில் சேர்ந்தார். பதுங்குகுழி வாழ்க்கையில் முக்கியமானவற்றை 'ஹோமேஜ் டு கேட்டலோனியா'வில் வரிசைப்படுத்துகிறார்: விறகு, சாப்பாடு, புகையிலை, மெழுகுவர்த்தி, கடைசியாக எதிரி. அந்த வரிசையில் எதிரி ஐந்தாவது இடத்தில் இருப்பதைக் கற்பனையால் எட்ட முடியாது, அங்கே குளிரில் நடுங்கியிருக்க வேண்டும். பிறகு எழுதிய கட்டுரை ஒன்றில் இன்னொரு காட்சி. எதிரிப் படையாள் ஒருவன் அவிழும் கால்சட்டையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். இவர் சுடவில்லை. பாசிஸ்டுகளைச் சுட வந்தேன், கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுபவன் பாசிஸ்ட் அல்ல, நம்மைப் போன்ற ஓர் ஆள் என்கிறார்.

1937 மே மாதம் குண்டு கழுத்தைத் துளைத்தது, பிழைத்தார். மருத்துவமனையிலிருந்து வந்தபோது சொந்த அணியே அவர் கட்சியைத் தடை செய்திருந்தது. எதிரித் தலைவர் பிராங்கோவின் கையாட்கள் என்று பழி சுமத்தி, கூடப் போரிட்டவர்களைச் சிறையில் தள்ளினார்கள். கட்சித் தலைவர் ஆந்த்ரேயு நின் கொல்லப்பட்டார். ஆர்வெலும் மனைவி எய்லீனும் எல்லை தாண்டித் தப்பினார்கள். லண்டனில் இடதுசாரி ஏடான 'நியூ ஸ்டேட்ஸ்மன்' அவர் கட்டுரையை வாங்க மறுத்தது. வழக்கமான பதிப்பாளர் கோலான்ஸ், 'ஹோமேஜ்' எழுதப்படும் முன்பே வேண்டாம் என்றார். வேறொரு பதிப்பகம் 1938இல் 1,500 படிகள் அச்சிட்டது. ஆர்வெல் சாகும்வரை அவை விற்றுத் தீரவில்லை.

அந்தப் புத்தகத்தில் செய்தித்தாள் மேற்கோள்களும் கட்சிச் சண்டைகளும் நிறைந்த நீண்ட அத்தியாயம் ஒன்று உண்டு. தான் மதிக்கும் விமர்சகர் ஒருவர், நல்ல புத்தகத்தைப் பத்திரிகை எழுத்தாக்கிவிட்டாய் என்று கண்டித்ததாக 1946இல் எழுதுகிறார். உங்கள் வாசகர் வட்டத்து நண்பர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். விமர்சகர் சொன்னது சரி, என்றாலும் வேறுவிதமாக எழுத என்னால் முடிந்திருக்காது என்கிறார் ஆர்வெல். நிரபராதிகள் மேல் பொய்க் குற்றம் சாட்டப்பட்டது இங்கிலாந்தில் வெகுசிலருக்கே தெரியும், அந்தக் கோபம் இல்லாவிட்டால் புத்தகமே இல்லை. நான் இந்தப் பக்கம்தான். அந்த அத்தியாயம் வேகத்தைக் குறைக்கிறது, உண்மை. ஆனால் அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது அழகான ஒரு போர்முனைப் பயணக்குறிப்பு, செத்தவர்களின் பெயர் களங்கத்தோடு அப்படியே இருந்திருக்கும்.

'1984' உங்களைத் தூங்கவிடாமல் செய்ததற்கு வேர் இங்கேதான். சண்டையே நடக்காத இடத்தில் பெரும்போர் நடந்ததாகவும், நூற்றுக்கணக்கானவர்கள் செத்த இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமலும் செய்திகள் வந்ததைப் பார்த்தவர் அவர். தலைவர் இரண்டும் இரண்டும் ஐந்து என்றால் ஐந்துதான் என்ற கணக்கு, நாவலுக்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய ஸ்பெயின் கட்டுரையில் வந்துவிட்டது. பழைய செய்தித்தாளைத் திருத்தும் நாவலின் நாயகன் வின்ஸ்டனின் வேலையில் பி.பி.சி.யும் இருக்கிறது. 1941 முதல் 1943 வரை அதன் கிழக்குப் பிரிவில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். அவர் எழுதிய போர்ச் செய்தி மடல்கள் தமிழிலும் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. நம் பாட்டன்மார் யாராவது அவர் சொற்களை அவர் பெயர் தெரியாமலே கேட்டிருக்கலாம். தணிக்கைக்குள் எழுதுவது எப்படியிருக்கும் என்பதை அவர் உள்ளேயிருந்து அறிந்தவர்.

அந்த நாவலிலும் கட்டுரை இருக்கிறது, கதையில் அரசின் எதிரியாகச் சொல்லப்படும் கோல்ட்ஸ்டீனின் புத்தகம் என்று பக்கம் பக்கமாக. அமெரிக்கப் புத்தகக் கழகம் ஒன்று அதை வெட்டச் சொன்னது, பெரும்பணம் கைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தும் மறுத்தார். என் மனதில் நிற்பது அந்தப் பக்கங்கள் அல்ல. மாடி ஜன்னலிலிருந்து வின்ஸ்டன் பார்க்கும் பெண், பாடிக்கொண்டே குழந்தைத் துணிகளைக் கொடியில் உலர்த்துகிறாளே, அவள். விகன் சந்தில் மண்டியிட்டிருந்தவளை ஆர்வெல் மறக்கவே இல்லை என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றும். இந்த முறை அவள் எழுந்து நிற்கிறாள். பார்க்கிற ஆளும் கிளம்பிப் போக முடியாதவன்.

உங்கள் கதையைப் படிக்காமல் அந்த இதழ் சொன்னது சரியா என்று சொல்ல மாட்டேன். அனுப்பி வையுங்கள். அதற்கு முன் ஆர்வெலின் தூக்குத் தண்டனைக் கட்டுரையை ஒருமுறை படியுங்கள், நாலைந்து பக்கம்தான். தூக்குமேடைக்கு நடக்கும் கைதி வழியிலிருக்கும் தண்ணீர்த் தேக்கத்தில் கால் படாமல் கொஞ்சம் ஒதுங்கி நடக்கிறான். பிறகு 'ஹோமேஜ்'. அதில் அரசியல் அத்தியாயங்களைப் பின்னிணைப்பாக வைத்த பதிப்பும் உண்டு, அது ஆர்வெலின் விருப்பம்தான். நான் அவற்றைப் பழைய இடத்திலேயே வைத்துப் படிக்கிறேன்.