கணவர் சின்ன விஷயத்துக்கெல்லாம் பொய் சொல்கிறார். முகத்தை வைத்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, தொண்டையைச் செருமுகிறார் என்பதையெல்லாம் வைத்து முடிவு கட்டாதீர்கள். உளவியல் ஆய்வாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் எழுதினார்கள். மெய் எது, பொய் எது என்று மக்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54 தடவைதான். காசைச் சுண்டினாலே ஐம்பது வந்துவிடும். பொய்யைப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் பெரிதாகத் தேறவில்லை.

ஆனாலும் வீட்டில் பொய் மாட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. யாராவது போட்டுக்கொடுப்பார்கள், இல்லையென்றால் ஏதாவது தடயம் சிக்கும்.

எங்கள் சித்தப்பா கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். நம் பக்கம் 2003லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. மலையேறினால் கேரளா லாட்டரி கடைக்குக் கடை தொங்கும். தினமும் ஒன்று வாங்குவார். வீட்டில் "டீசலுக்குப் போச்சு" என்பார். சீட்டு இருந்தது ஆர்சி புத்தகக் கவருக்குள். சித்தி அதை எடுத்து நீட்டியபோதும், "பயலுக ஒருத்தன் வச்சிட்டுப் போனான்" என்றார் மனுஷன்!

அவருக்குப் பயம் பணத்தைப் பற்றி இல்லை. முன்பு ஒருமுறை உண்மையைச் சொன்னதற்குச் சித்தி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியார் வீடு வரைக்கும் சேதி போனது. அதற்கப்புறம் யார்தான் வாயைத் திறப்பார்கள்? தப்பு சித்தப்பாவுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கிறது என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். "எங்க போனீங்க, உண்மையச் சொல்லுங்க" என்று மடக்கினால் பதில் தயாராக வரும். "கேரளா சீட்டு வாங்கினீங்களாமே, எவ்வளவு ஆச்சு?" என்று தெரிந்ததைச் சொல்லியே கேளுங்கள். மறைக்க வேலை இருக்காது.

இதெல்லாம் சில்லறைப் பொய்க்குத்தான். டிபாலோ குழு 1996இல், தினமும் சொன்ன பொய்களை ஆட்களையே குறித்துவைக்கச் சொன்னது. நெருங்கியவர்களிடம் பேசும்போது பொய் குறைவாகவே இருந்தது. ஆனால் பின்னால் பெரிய பொய்களை மட்டும் தனியாக ஆராய்ந்தபோது, அவை அதிகம் போனது அந்த நெருங்கியவர்களிடமே. ஆகவே கடன், அடகு என்று வாடை அடித்தால் நயமாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பாஸ்புக்கையும் நகை ரசீதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.