டயாலிசிஸ் செய்பவர்களின் கால் ரத்த ஓட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு. வாரம் மூன்று நாள் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வலது பெருவிரல் ஓரத்தில் ஒரு சின்னப் புண், ஒரு மாதமாகியும் ஆறவில்லை. ஏபிஐ டெஸ்ட் எடுத்து 1.5 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 0.9-க்குக் கீழே போனால்தான் அடைப்பு என்கிறார்களே, அப்படியானால் பயப்பட வேண்டாம்தானே?
– வாசகி, ஏற்காடு

பதில்: இல்லை அம்மா, அந்த 1.5-ஐ நம்பி இருந்துவிடாதீர்கள். ஏபிஐ என்பது கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து வரும் எண். 1.0 முதல் 1.4 வரை இயல்பு, 0.9-ம் அதற்குக் கீழும் அடைப்பைக் காட்டும். 1.4-க்கு மேலே போனால் ரத்தக்குழாய் அமுங்கவே இல்லை என்று பொருள். ஓட்டம் நன்றாக இருப்பதாக அர்த்தமில்லை.

சிறுநீரகம் பழுதானால் கால்சியம், பாஸ்பரஸ் கணக்கு குலைகிறது. அந்தச் சுண்ணாம்பு தமனிச் சுவரின் நடு அடுக்கில் படிந்து இறுகிவிடும். சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். பாத எக்ஸ்ரேயில் ரயில் தண்டவாளம் போல இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். இறுகிய குழாயைப் பிரஷர் பட்டையால் நசுக்க முடியாததால் எண் பொய்யாக ஏறுகிறது. இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: உள்ளே அடைப்பு, வெளியே இறுக்கம், இரண்டும் சேர்ந்து 1.1 என்று 'நல்ல' எண்ணே வந்துவிடும். அதனால் டயாலிசிஸ் செய்பவருக்கு ஏபிஐ இயல்பாக வந்தாலும், புண்ணோ வலியோ இருந்தால் சோதனையை அதோடு நிறுத்தக் கூடாது.

கால் விரல் பிரஷரைக் கேட்டு வாங்குங்கள். விரலில் உள்ள சிறு தமனிகளில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. விரலடியில் சிறிய பட்டையைச் சுற்றி, நுனிச் சதையில் ஒளி சென்சார் ஒட்டுவார்கள். காற்றை ஏற்றினால் துடிப்பு அலை மறையும். மெல்ல இறக்கும்போது எந்த எண்ணில் அலை திரும்புகிறதோ அதுதான் விரல் பிரஷர். இதையும் கை பிரஷரால் வகுப்பார்கள்: கை 150, விரல் 42 என்றால் 0.28. இந்த விகிதம் 0.7-க்குக் கீழே போனாலே குறைவுதான். விரல் பிரஷர் 30-க்குக் கீழே என்றால் புண் தானாக ஆறுவது கடினம். ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அப்பாவுக்குப் பெருவிரலில் புண் இருப்பதால் பக்கத்து விரலில் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் புண் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: டயாலிசிஸ் டெக்னீசியன் படிப்பு படிக்கிறேன். ஏபிஐ எடுக்கும்போது எங்கே தவறு நடக்கும்?
– மாணவர், சேலம்

பதில்: பெரும்பாலும் கையில்தான். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இணைப்பு) உள்ள கையில் பட்டை கட்டவே கூடாது, அந்த இணைப்பு அடைத்துக்கொள்ளும். மறு கையில் எடுங்கள். அடுத்தது நேரம். டயாலிசிஸ் நடக்கும்போதும் முடிந்த கையோடும் நீர் இறங்கிப் பிரஷர் தாழும். மெஷினில் போடும் முன்போ, டயாலிசிஸ் இல்லாத நாளிலோ எடுப்பது நல்லது. மறுமுறையும் அதே வேளையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வையுங்கள். கொலுசையும் மெட்டியையும் கழற்றச் சொல்லுங்கள். கொலுசுக்குப் பேர்போன நம் ஊரில் சிலருக்கு மனம் வராது. ஆனாலும் அதன் மேல் பட்டை சரியாக உட்காராது. பட்டையின் கீழ் ஓரம் கணுவுக்கு மேல் இரண்டு விரற்கடை இருக்கட்டும். புண் இருந்தால் அதன் மேல் கட்டாதீர்கள். ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் முனையை ஜெல் வைத்து உள்கணுவுக்குப் பின்னும், பாதத்தின் மேல்புறத்திலும் தேடுங்கள். ஓசை மறைந்த எண்ணுக்கு மேல் 20, 30 ஏற்றி, நொடிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் இறக்கி, ஓசை திரும்பும் எண்ணைக் குறியுங்கள். வேகமாக இறக்கினால் உண்மையைவிடக் குறைத்துப் படித்துவிடுவீர்கள். இரண்டு இடங்களில் எது அதிகமோ அதைக் கை எண்ணால் வகுக்கவும். 250 தாண்டியும் ஓசை அடங்கவில்லையென்றால் மேலும் அழுத்தி வலிக்கச் செய்யாமல், "அமுங்கவில்லை" என்றே எழுதிவிடுங்கள். ஓசையின் தன்மையையும் குறியுங்கள்: நல்ல குழாயில் இரண்டு மூன்று தட்டாகக் கேட்கும், அடைப்புக்குக் கீழே ஒற்றையாய் மந்தமாய் இழுக்கும். எண் பொய் சொல்லும் காலில் இந்த ஓசைதான் கைகொடுக்கும்.

கேள்வி: மார்கழிக் குளிரில் கால் சில்லென்று ஆகிவிடுகிறது. வெந்நீர்ப் பை வைக்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். நரம்பு மரத்துப்போன காலில் சுடுவது தெரியாது, கொப்புளம் கிளம்பிவிடும். கணப்பருகே காலை நீட்டுவதும் அப்படித்தான். பருத்திக் காலுறை, கம்பளி போதும். குளிரில் விரல் நாளங்கள் சுருங்குவதால் விரல் பிரஷர் பொய்யாகக் குறைந்தும் காட்டும். மலையிலிருந்து இறங்கிய கையோடு எடுக்காமல் போர்வைக்குள் காலைக் கதகதப்பாக்கிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் எப்போதும் சில்லென்று இருந்தால் அதைக் குளிர் என்று தள்ளாமல் காட்டுங்கள்.

கேள்வி: ஆஞ்சியோ சாயம் சிறுநீரகத்துக்கு ஆகாது என்கிறார்களே?
– வாசகர், ஓமலூர்

பதில்: முதலில் சாயமே தேவைப்படாத டாப்ளர் ஸ்கேன் பாருங்கள். தினம் எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னும் போகிறதென்றால் அதைக் காப்பாற்றச் சாயத்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது சாயத்துக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்துவார்கள். சிறுநீரே போகாதவருக்கு அந்தக் கவலை பெரிதல்ல. புண்ணுள்ள காலுக்கு ஆஞ்சியோ தேவையென்றால் சாயத்துக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.