குண்டர் சட்டத்தில் தம்பி: ஜாமீன் கிடைக்குமா?

கேள்வி: என் தம்பியைக் குண்டர் சட்டத்தில் அடைத்திருக்கிறார்கள். ஜாமீன் மனு போட்டால் வெளியே வருவானா?

பதில்: வரமாட்டார். இது தண்டனை அல்ல, இனிமேல் குற்றம் செய்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே அடைத்து வைக்கும் தடுப்புக் காவல். குற்ற வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் இந்த ஆணை அவரை 12 மாதம் வரை உள்ளே வைத்திருக்கும். பொது அமைதிக்காக அரசுக்குக் கொடுத்த கடுமையான அதிகாரம் இது. அதனால்தான் நடைமுறையில் சிறு பிழை நேர்ந்தாலும் நீதிமன்றம் ஆணையையே ரத்து செய்கிறது.

5 நாட்களுக்குள் காரணங்களை அவரிடம் கொடுத்திருக்க வேண்டும். 12 நாட்களுக்குள் அரசு ஒப்புதல், 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் (காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழு) முன் வைக்க வேண்டும். அங்கே வக்கீலைக் கேட்டுப் பெறும் உரிமை இல்லை; நம் அரசியலமைப்பில் எனக்கு உறுத்தலான இடம் இதுதான்.

உடனே அரசுக்கும் ஆணையிட்ட அதிகாரிக்கும் முறையீடு அனுப்புங்கள். அனுப்பிய தேதிக்கு அத்தாட்சி முக்கியம். முறையீட்டைப் பரிசீலிப்பதில் அரசுத் தரப்பின் விளக்கமில்லாத தாமதமே பல ஆணைகளைக் கவிழ்த்திருக்கிறது. பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது காவல் சட்டப்படி செல்லாது, விடுவியுங்கள் என்று கேட்கும் மனு. கொடுத்த நகல்கள் படிக்க முடிகிறதா, தெரிந்த மொழியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது ‘ஜாமீனில் வெளியே வந்துவிடுவார்’ என்று ஆணையில் எழுதியிருக்கிறார்களா? 2011-இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.