ஸ்பானிஷா, போர்ச்சுகீஸா? அண்ணன் ஒன்று சொல்கிறான், மேனேஜர் ஒன்று சொல்கிறார்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 25. தூத்துக்குடியில் முந்திரிக் கொட்டை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், கப்பல் தாள்களைச் சரிபார்க்கும் வேலை. கொட்டை பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் கினி-பிசாவு, மொசாம்பிக் நாடுகளிலிருந்து வருகிறது. கூடவே வரும் தாள்களில் பல போர்ச்சுகீஸ் மொழியில் இருப்பதால், “அதைக் கத்துக்கம்மா, உனக்கு நல்லது” என்கிறார் மேனேஜர். பார்சிலோனாவில் இருக்கும் என் அண்ணனோ, “போர்ச்சுகீஸ்ங்கறது ஸ்பானிஷோட கொச்சை. ஸ்பானிஷ் படிச்சா அது தானா வந்துடும். பாதி உலகம் ஸ்பானிஷ்தான் பேசுது” என்கிறான். வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. ஒரு வகுப்புக்குத்தான் காசும் இருக்கிறது. எதில் சேரட்டும்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்புத் தங்கைக்கு,

போர்ச்சுகீஸில் சேருங்கள். ஏன் என்று விளக்குவதற்கு முன், உங்கள் அண்ணன் சொன்னதில் நியாயமான பகுதியை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்ணிக்கையில் ஸ்பானிஷுக்குப் பக்கத்தில் போர்ச்சுகீஸ் நிற்க முடியாது. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 50 கோடிக்கு அருகில். 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. அமெரிக்காவில் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் அதைப் பேசுகிறார்கள். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஸ்பானிஷ் உண்டு, போர்ச்சுகீஸ் கிடையாது. போர்ச்சுகீஸ் பேசுவோர் 25 கோடிக்கும் மேல் என்றாலும், அதில் பெரும்பகுதி பிரேசில் என்ற ஒரே நாடு. 2022 கணக்கெடுப்பில் அங்கே 20 கோடியே 30 லட்சம் பேர். இலக்கிய நோபலைப் பார்த்தாலும் ஸ்பானிஷ் எழுத்தாளர்கள் 11 பேர் வாங்கியிருக்கிறார்கள், போர்ச்சுகீஸில் 1998-ல் வாங்கிய ஜோசே சரமாகோ ஒருவர்தான். நீங்கள் அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்குப் போகிறவராகவோ, ஐ.நா. மொழிபெயர்ப்பாளர் தேர்வுக்குத் தயாராகிறவராகவோ இருந்தால், யோசிக்காமல் ஸ்பானிஷ் என்று எழுதியிருப்பேன்.

ஆனால் ‘கொச்சை’ என்ற சொல் எனக்கு வலிக்கிறது. அதைப் பேசாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

இரண்டும் லத்தீனிலிருந்து வந்த உடன்பிறப்புகள். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. 13-ம் நூற்றாண்டில், இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் நாட்டை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்சோ, சட்டத்தையும் வரலாற்றையும் தன் காஸ்டீலிய மொழியில், அதாவது இன்றைய ஸ்பானிஷின் முன்வடிவில் எழுதவைத்தவர். அதே அரசர் மரியன்னையைப் பாடிய நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு மட்டும் இன்றைய போர்ச்சுகீஸின் முன்வடிவான கலீசிய-போர்ச்சுகீஸைத் தேர்ந்தெடுத்தார். பாட்டுக்கு உரிய மொழி அதுதான் என்று அன்றைக்குக் காஸ்டீல் அரண்மனையே எண்ணியது. அப்படிப்பட்ட மொழியையா கொச்சை என்பது?

பகை அதற்குப் பிறகு வளர்ந்தது. 1494-ல் தோர்தேசியாஸ் என்ற ஊரில் உட்கார்ந்து, அட்லாண்டிக் கடலில் ஒரு கோட்டைக் கிழித்து, கிழக்கே உனக்கு, மேற்கே எனக்கு என்று ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு அரசுகளும் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஸ்பானிஷ் பேசும் தென் அமெரிக்க நாடுகளுக்கு நடுவே பிரேசில் போர்ச்சுகீஸ் பேசுவதற்கு அந்தக் கோட்டில் தொடக்கம் இருக்கிறது. 1580 முதல் 1640 வரை 60 ஆண்டுகள் ஸ்பெயின் அரசர்களே போர்ச்சுகலையும் ஆண்டார்கள். அவர்களை விரட்டிய டிசம்பர் 1 இன்றும் போர்ச்சுகலில் விடுமுறை நாள். ‘ஸ்பெயினிலிருந்து நல்ல காற்றும் வராது, நல்ல சம்பந்தமும் வராது’ என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. மலையாளி ஒருவரிடம் போய், உங்கள் மொழி தமிழின் கொச்சை என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும்? போர்ச்சுகல் தலைநகரான லிஸ்பன்காரர் முகமும் அப்படித்தான் மாறும். கினி-பிசாவு ஏற்றுமதியாளரிடம் நீங்கள் வருஷக்கணக்கில் பேசப்போகிறீர்கள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையாளத்தைச் சும்மா இழுக்கவில்லை. மலையாளிகளுக்குத் தமிழ் புரிகிற அளவுக்கு நமக்கு மலையாளம் புரிவதில்லை அல்லவா? அதே கதைதான் இங்கும். போர்ச்சுகீஸ் பேசுகிறவர் ஸ்பானிஷைக் கேட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறார். ஸ்பானிஷ்காரர் போர்ச்சுகீஸைக் கேட்டால் திணறுகிறார். ஸ்பானிஷில் உயிரொலி ஐந்தே ஐந்து, ஒவ்வொன்றும் முழுதாக ஒலிக்கும். போர்ச்சுகீஸில் உயிரொலிகள் அதிகம். சில மூக்கால் வரும், சில பாதி விழுங்கப்படும். ஆகவே ‘ஸ்பானிஷ் படித்தால் அது தானாக வரும்’ என்று உங்கள் அண்ணன் சொன்னது தலைகீழ். கண்ணுக்கு வேண்டுமானால் வரும், காதுக்கு வராது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. முதலில் ஸ்பானிஷ் படித்தேன். அந்த அறிவை வைத்துக்கொண்டு போர்ச்சுகீஸ் செய்தித்தாளையும் ஒருமாதிரி படித்துவிடுவேன். முதல்முறை லிஸ்பன் போனபோது, தங்கியிருந்த விடுதி அம்மாள் கதவருகே கையில் இரண்டு துணிகளோடு நின்று ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: ‘துவால்ய’. நம் துவாலை! அங்கிருந்து இங்கு வந்த சொல் அது. ஸ்பானிஷில் அதே சொல் ‘தோஆயா’ என்று மாறியிருக்கும். பெரியதா சின்னதா என்று கேட்கிறார் என்பது அவர் கையைப் பார்த்துத்தான் விளங்கியது. ‘சின்ன’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘பெகேன்யா’ என்று மூன்று அசையும் தெளிவாக வரும். அவர் சொன்னதோ ‘ப்கேன’. முதல் உயிரை விழுங்கிவிட்டார். நான் ஸ்பானிஷில் சொன்ன பதில் ஒரு எழுத்து விடாமல் அவருக்குப் புரிந்தது. ஊருக்குத் திரும்பியதும் போர்ச்சுகீஸை முதல் பாடத்திலிருந்து படித்தேன்.

படிக்கும்போது ஒன்று கண்டேன், தங்கச்சி. ஸ்பானிஷ்காரர் தடுமாறும் இடங்களில் தமிழ் நாக்குக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ‘ஓ’ என்று எழுதி முடிக்கும் சொல்லைப் போர்ச்சுகீசியர் ‘உ’ என்று, அதுவும் பாதி மூச்சில் முடிப்பார்கள். நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘பாக்கு’ என்று சொல்லும்போது கடைசி உகரத்துக்கு உதட்டைக் குவிப்பதில்லையே. மூக்கொலியும் அப்படித்தான். ‘மரம்’ என்று எழுதுகிறோம், பேசும்போது கடைசியில் உதடு மூடுவதே இல்லை, மூக்கில் இழுத்து விட்டுவிடுகிறோம். ‘நல்ல’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘போம்’ என்ற சொல்லையும் அதே மாதிரி உதடு மூடாமல் சொல்லிப் பாருங்கள், சரியாக வரும். ரொட்டிக்கு இலங்கைத் தமிழர் சொல்லும் ‘பாண்’ அவர்களிடமிருந்து வந்ததுதான். நம் வீட்டு ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அவர்கள் சொற்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் புன்னைக்காயலில் பல்லாண்டு வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் ஒரு போர்ச்சுகீசியர். தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் 1578-ல் கொல்லத்தில் வெளிவந்தது அவர் உழைப்பால்தான். நீங்கள் கையாளும் முந்திரியும் பிரேசில் மரம். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் இங்கே வந்தது. பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல்லை அவர்கள் ‘கஜு’ ஆக்கினார்கள், இந்தியில் அது ‘காஜு’ ஆனது.

இனி ஆபீஸ் விஷயம். இரண்டு மொழியிலும் ஒரே முகம் காட்டி வேறு பொருள் தரும் சொற்கள்தான் உங்கள் வேலையில் ஆபத்து. ஸ்பானிஷில் ‘ஒஃபிசினா’ என்றால் அலுவலகம். போர்ச்சுகீஸில் அது பட்டறை. போர்ச்சுகீஸில் அலுவலகத்துக்கு ‘இஷ்க்ரித்தோரியு’ என்பார்கள். அந்தச் சொல்லை ஸ்பானிஷ்காரர் மேஜை என்று எடுத்துக்கொள்வார். ‘ப்ரொப்பினா’ இன்னும் மோசம்: ஸ்பானிஷில் ஹோட்டலில் வைக்கும் டிப்ஸ், போர்ச்சுகலில் கல்லூரிக் கட்டணம், பிரேசிலில் லஞ்சம். கிழமைகளையும் கவனியுங்கள். ஸ்பானிஷில் கிரகங்களின் பெயரில் கிழமை உண்டு. போர்ச்சுகீஸில் ஞாயிறை முதல் நாளாக வைத்து எண்ணுவார்கள். திங்கள் ‘இரண்டாவது’, வெள்ளி ‘ஆறாவது’. கப்பல் புறப்படும் நாளாக அந்த ‘ஆறாவது’ வந்தால், அதை ஆறாம் தேதி என்று படித்துவிடாதீர்கள்.

வகுப்பில் சேருமுன் ஆசிரியர் எந்த வழக்கைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேளுங்கள். ஆன்லைன் வகுப்புகளில் பெரும்பாலும் பிரேசில் வழக்குதான் கிடைக்கும். அது காதுக்கு எளிது, உயிரொலிகளை அவ்வளவாக விழுங்காது. ஆனால் ஆப்பிரிக்க நாடுகளின் எழுத்து லிஸ்பன் வழக்கை ஒட்டியது. லிஸ்பன் வழக்குக்கு ஆசிரியர் கிடைத்தால் அவரிடமே சேருங்கள். கிடைக்காவிட்டால் பிரேசில் வழக்கிலேயே தொடங்கலாம், தாள் படிக்க அது போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கினி-பிசாவு சந்தையில் மக்கள் பேசிக்கொள்வது போர்ச்சுகீஸிலிருந்து கிளைத்த கிரியோல் என்ற கலப்பு மொழி. போர்ச்சுகீஸ் அங்கே தாளுக்கும் அலுவலகத்துக்கும் உரியது. மொசாம்பிக் வேறு விதத்தில் உங்களுக்குப் பயன்படும். நம் ஊருக்குத் துவரையும் அங்கிருந்து வருகிறது, வடக்கே ரோவுமா எரிவாயுப் படுகையில் இந்திய அரசு நிறுவனங்களுக்குப் பங்கும் இருக்கிறது. முந்திரியை விட்டு வேறு வேலை தேடினாலும் இந்த மொழி கூட வரும்.

அண்ணனோடு சண்டை வேண்டாம். ஒன்றிரண்டு வருஷம் போர்ச்சுகீஸ் படித்த பிறகு, அவன் அனுப்பும் ஸ்பானிஷ் செய்தியை எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசி புரியும். ஸ்பானிஷ் வகுப்புக்கு அப்போது போனால் பாதி நேரத்தில் முடித்துவிடலாம்.

கினி-பிசாவில் அறுவடை மார்ச், ஏப்ரல் வாக்கில் தொடங்கும். அதற்குள் எல்லாம் படித்துவிட முடியாது. போன வருஷத்து ஃபைலிலிருந்து ஒரு தரச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு எண், கிழமை, எடை, ஈரப்பதம் ஆகிய சொற்களை முதல் மாதத்தில் முடித்துவிடுங்கள். எடைக்கு ‘பேஸு’. மூட்டை என்ற இடத்தில் இருக்கும் சொல்லை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ‘சாக்கு’ என்றுதான் வரும்.