ஆறு நிமிடக் கதை, ஒன்பது பாட்டு: எங்கே இடறுகிறது?

கேள்வி: நான் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. கழுத்து மணியைத் தொலைத்த ஆட்டுக்குட்டி சந்தை, ஆற்றங்கரை, கோயில் என்று தேடி அலையும் ஒரு படக்கதைப் புத்தகத்தை இசை நாடகமாக்கி வருகிறோம். நடிப்பவர்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர். பார்க்கப்போவது அங்கன்வாடிக் குழந்தைகளும் ஒன்று, இரண்டாம் வகுப்பும். புத்தகத்தை வாசித்தால் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்று ஒன்பது பாட்டு சேர்த்தோம். எல்லாம் சினிமா மெட்டு. கதைசொல்லி ஒருவர் புத்தக வரிகளை வாசிக்கிறார். ஒத்திகை பார்க்க வந்த சின்னப் பிள்ளைகள் கால் மணி நேரத்திலேயே எழுந்து ஓடுகிறார்கள். என்ன செய்யலாம்? ஆண்டு விழாவுக்குப் பிறகு டிக்கெட் வைத்து வெளி மேடையிலும் போடலாமா?
— ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பாட்டின் எண்ணிக்கை மட்டும் காரணம் இல்லை. ‘ஆட்டுக்குட்டி சந்தைக்குப் போனது’ என்று கதைசொல்லி வாசிக்கிறார். உடனே அதையே பாட்டாகவும் பாடுகிறீர்கள். தெரிந்துவிட்ட சேதியை இன்னும் இரண்டு நிமிடம் கேட்க நாலு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது. ஒன்பது பாட்டிலும் கதை ஒன்பது தடவை நின்றுபோகிறது.

படக்கதையில் எழுத்து பாதிதான் சொல்லும், மீதியைப் படம் சொல்லும். மேடைக்கு வரும்போது படம் போய்விடுகிறது. அது விட்டுப்போன இடத்தில்தான் பாட்டும் ஆட்டமும் வர வேண்டும். அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான மோரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்’ (1963) என்ற படக்கதைப் புத்தகத்தில் மொத்தமே 338 சொற்கள். கதை உச்சத்துக்குப் போகும் கூத்தாட்டத்தில் அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பக்கங்களுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது, படம் மட்டும். ஆலிவர் நஸ்ஸன் இசையமைத்து அது சுமார் 40 நிமிட ஓபராவானது, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகமானது. அதற்கு வரிகள் எழுதியவரும் செண்டாக்தான். இவ்வளவு குறைந்த எழுத்தைக் கொண்ட புத்தகம் அத்தனை நேரம் மேடையில் நிற்பதற்குக் காரணம், எழுத்து இல்லாத இடங்களில் இருக்கும் கதை.

ஆகவே ஸ்கிரிப்டை ஓரமாக வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திரும்பக் கையில் எடுங்கள். பெரும்பாலான படக்கதைகள் 24 அல்லது 32 பக்கம்; இரட்டைப் பக்கங்களாக எண்ணினால் 11 முதல் 15 வரை வரும். ஒவ்வொன்றுக்கும் எழுத்து என்ன சொல்கிறது, எழுத்து சொல்லாத எதைப் படம் சொல்கிறது, பக்கத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே என்ன மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் அதிகம் பேசும் பக்கங்கள் நான்கைந்து தேறும். பாட்டுக்கு உரிய இடங்கள் அவைதான். எழுத்தும் படமும் ஒன்றையே சொல்லும் பக்கத்தில் பிள்ளைகள் நடித்துக் காட்டினால் போதும். கதைசொல்லியின் வரியை அடித்துவிடலாம்.

சந்தைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். எழுத்தில் மூன்று சொற்கள். படத்தில் ஒரு சந்தையே இருக்கும். ‘வாழைப்பழம் பாரு, வளையல் பாரு’ என்று அதைப் பட்டியல் போட்டுப் பாடினால் அது வெறும் வர்ணனை. அங்கே மணியைப் போல ஒலிப்பவை எவை? தராசுத் தட்டு உரசுகிறது, வளையல் குலுங்குகிறது, ஐஸ் வண்டிக்காரர் மணி அடிக்கிறார். ஒவ்வொரு ஒலிக்கும் ‘என் மணி!’ என்று குட்டி ஓடுகிறது, ஏமாறுகிறது. மூன்றாவது தடவை அதற்கு அழுகை வருகிறது. இரண்டு நிமிடத்தில் பாட்டு முடியும்போது, குட்டி தொடங்கிய மனநிலையில் இல்லை. ஒவ்வொரு பாட்டையும் இப்படிச் சோதியுங்கள்: அதை எடுத்துவிட்டால் அடுத்த காட்சி புரியாமல் போக வேண்டும். புரிகிறது என்றால் அந்தப் பாட்டு வேண்டாம்.

அங்கன்வாடிப் பிள்ளைகள் உட்காரும் அரங்கில் இடைவேளை இல்லாமல் 35 நிமிடம் போதும். அதற்கு ஐந்து பாட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். முதல் பாட்டு மூன்றாம் நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். அதன் பல்லவியை நடுவில் இரண்டு இடங்களில் அரை நிமிடம் திருப்பிப் பாடினால், பார்க்கும் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். ஐந்தில் ஒன்று கட்டாயம் மெதுவான பாட்டாக இருக்கட்டும். இருட்டிவிட்டது, மணி கிடைக்கவில்லை என்ற இடம் அதற்குப் பொருத்தம். ஐந்தும் துள்ளலாக இருந்தால் ஐந்தும் ஒன்றாகிவிடும். முடிவில் எல்லாரும் வரிசையாக நின்று நீதி சொல்லும் பாட்டு வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். குட்டிக்கு மணி கிடைத்ததும் கதை முடிந்துவிட்டது.

சினிமா மெட்டு வேண்டவே வேண்டாம். நீங்கள் வரிகளை மாற்றினாலும் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அசல் வரிகளையே பாடுவார்கள். கதை அங்கேயே போய்விடும். மெட்டுக்கு உரிமையாளர் வேறு இருக்கிறார். கும்மி மெட்டும் தெம்மாங்கும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும்.

வரி எழுதும்போது குறில், நெடிலைக் கவனியுங்கள். பிள்ளைகள் வரிகளை ஒரு தடவைதான் கேட்கப்போகிறார்கள். குறிலின் மேல் நீண்ட சுரம் விழுந்தால் ‘மலை’ ‘மாலை’ ஆகிவிடும், ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும். ‘மலையில் தேடினேன்’ என்று நீங்கள் எழுதியதை அவர்கள் ‘மாலையில் தேடினேன்’ என்று புரிந்துகொள்வார்கள். மெட்டு நீளும் இடத்தில் நெடிலை வையுங்கள். ஆ, ஓ போல வாய் திறக்கும் ஒலியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வரிக்கு ஒரு சேதி போதும்.

சுருதியில்தான் பெரும்பாலான பள்ளிகள் கோட்டை விடுகின்றன. ஆசிரியை தனக்கு வசதியான ஐந்து கட்டைச் சுருதியில் (கீபோர்டின் ‘ஜி’) சொல்லிக்கொடுக்கிறார். கீழ்ச் சுரங்கள் பிள்ளைகளுக்கு எட்டாமல் முணுமுணுப்பாகிவிடுகின்றன. அதைச் சரிசெய்ய மேலே ஏற்றினால் கத்துகிறார்கள். பார்ப்பவர்களும் சேர்ந்து பாட வேண்டிய பல்லவிக்கு, கீபோர்டின் நடு ‘சி’யை ஷட்ஜமாக (ச) வைத்து, அதிலிருந்து தைவதம் (த) வரைக்குள் மெட்டை முடித்துக்கொள்ளுங்கள். மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் இந்த ஆறு சுர அளவுக்குள் அடங்கிவிடும், பழகாத காதுக்கும் சீக்கிரம் பிடிபடும். தனியாகப் பாடும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மேல் ஷட்ஜம் வரை போகலாம்.

பின்னணி இசையைப் பென்டிரைவில் போட்டு ஓடவிடும் வழக்கத்தையும் கைவிடுங்கள். ஒரு பிள்ளை வரியை மறந்து நின்றால் டிராக் அவளுக்காக நிற்காது. அவள் பிடித்துக்கொள்வதற்குள் பாட்டு முடிந்திருக்கும். ஓர் ஆர்மோனியம் அல்லது கீபோர்டு, ஒரு டோலக் இருந்தால் போதும். உள்ளே வரும் நடிகர் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை திருப்பித் திருப்பி வாசிக்க ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வைத்துக்கொள்ளுங்கள். மணியோசையை ஒலிபெருக்கியில் போடாமல் கோரஸ் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள்.

கதைசொல்லியை மைக் முன்னால் நிறுத்திப் புத்தகம் படிக்க வைப்பதற்குப் பதில் கூத்தின் கட்டியங்காரனைப் போல ஆட்டத்துக்குள் விடுங்கள். குட்டியிடம் கேள்வி கேட்கட்டும், பார்ப்பவர்களிடமும் பேசட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. மணி மேடையில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும்போது ‘மணியைப் பார்த்தீங்களா?’ என்று கேட்டுவிடாதீர்கள். எண்பது பிள்ளைகளும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பத்தாம் நிமிடத்தில் கதை முடிந்துவிடும். கேள்விக்குப் பிறகு சத்தத்தை அடக்க ஒரு சைகையும் வேண்டும். கை உயர்த்தினால் கூவு, இறக்கினால் நிறுத்து என்பதை முதல் பாட்டிலேயே விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள்.

பக்கம் திருப்பும்போது வரும் எதிர்பார்ப்பை மேடையில் கொண்டுவர விளக்கை அணைக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் அழுவார்கள். ஓர் உடுக்கைத் தட்டு, எல்லாரும் அப்படியே உறைந்து நிற்க, மறுபடி ஒரு தட்டு. முகத்தை மூடும் முகமூடியும் கூடாது. குரல் உள்ளேயே அடைந்துவிடும், கண்ணும் தெரியாது. காது வைத்த தொப்பி போதும். படங்களை ஃபிளெக்ஸில் அடித்துப் பின்னால் கட்டினால் நடிகர்கள் அதற்குள் தொலைந்துபோவார்கள்; புத்தகத்தின் முக்கியமான மூன்று நிறங்களை மட்டும் துணிகளில் கொண்டுவாருங்கள். வெளி மேடைக்கு 14 பேரையும் கூட்டிப்போக முடியாவிட்டாலும் கவலை இல்லை. ‘தி கிரஃபலோ’ புத்தகத்தை லண்டனின் டால் ஸ்டோரீஸ் குழு மூன்றே நடிகர்களை வைத்து நடத்துகிறது. நரி, ஆந்தை, பாம்பு மூன்றும் ஒருவரே.

உரிமை விஷயம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கதையை நாடகமாக்கும் உரிமை கதையின் உரிமையாளருடையது. பள்ளி நடவடிக்கையாக மாணவர், பெற்றோர் முன்னால் நடிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் வைத்தாலோ, யூடியூபில் ஏற்றினாலோ அந்த விலக்கை நம்ப முடியாது. பதிப்பகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்: எந்த மொழி, எத்தனை காட்சி, எவ்வளவு காலம், எந்தப் பகுதி, கட்டணம் உண்டா, வீடியோ எடுப்பீர்களா என்று எல்லாம் அதில் இருக்கட்டும். அனுமதியில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓவியத்தைப் போஸ்டரிலோ திரையிலோ பயன்படுத்த வேண்டுமானால் ஓவியரின் அனுமதி தனி. கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஏராளமான படக்கதைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் உரிமத்தில், வருபவை. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரையும் உரிம விவரத்தையும் குறிப்பிட்டால் நாடகமாக்கலாம், டிக்கெட்டும் வைக்கலாம். எந்த உரிமம் என்பதைக் கதையோடு இருக்கும் குறிப்பில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.