கைக்குழந்தையோடு தனியாகக் கடல் தாண்டலாமா?

கேள்வி: நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் மகனும் அங்கேதான் பிறந்தான். மூன்று மாதங்களுக்கு முன்பு கணவரின் ஊரான தண்டையார்பேட்டைக்குக் குடிவந்தோம். மகனுக்கு இப்போது ஏழு மாதம். ஆசையாகக் கொண்டுவந்த ஸ்ட்ரோலர் கூடத்தில் துணி உலர்த்தத்தான் பயன்படுகிறது. தெருவில் இறங்கினால் முன்பின் தெரியாதவர்கள்கூடக் குழந்தையை வாங்கிக் கொஞ்சுகிறார்கள், எனக்குப் பதறுகிறது. "ஒரு வயசு ஆவற வரைக்கும் எங்கயும் எடுத்துக்கினு போவாதே" என்கிறார் மாமியார். இரண்டு மாதத்தில் கிள்ளானில் தம்பியின் கல்யாணம். கணவருக்கு விடுப்பு கிடைக்காது. நான் மட்டும் குழந்தையோடு போய் வர முடியுமா? சில இரவுகளில் வீடு உறங்கிய பிறகு அழுகை வந்துவிடுகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போய் வரலாம். உடல்நலத்தோடு எடை கூடிவரும் ஒன்பது மாதக் குழந்தைக்குச் சென்னையிலிருந்து கோலாலம்பூர் வரையிலான நான்கு மணி நேர விமானப் பயணம் பெரிய சுமையே அல்ல. பயணத்துக்கு முன் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டால் போதும். ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, விமானத்தைவிட வீட்டு வாசற்படிதான் உங்களை அதிகம் தடுக்கிறது என்று தோன்றுகிறது. மூன்று மாதமாகத் தெருவில் இறங்கத் தயங்குபவர் நேராக விமான நிலையத்துக்குப் போனால் எல்லாமே மலைப்பாகத்தான் இருக்கும். கையிலிருக்கும் இரண்டு மாதத்தை வெளியே போய்ப் பழகுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரோலரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நடைபாதையில் பாதியை இருசக்கர வாகனங்களும் மீதியைத் தள்ளுவண்டிக் கடைகளும் எடுத்துக்கொண்ட பிறகு, நீங்கள் சாலையில்தான் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரும் பகுதியில் அது வேண்டவே வேண்டாம். மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் ஒன்று வாங்குங்கள். இரண்டு கையும் உங்களுக்குக் கிடைக்கும். குழந்தையும் யார் கைக்கும் சட்டென்று போகாது. ஆட்டோவில் ஏறினால் ஓரத்தில் உட்காராமல் நடுவில் உட்காருங்கள், குழந்தையின் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும், கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.

உங்களுக்கு வாய்த்திருக்கும் பெரிய வசதி மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட நீல வழித்தடம் தண்டையார்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வழியாக விமான நிலையம் வரை ஒரே ரயிலில், வண்டி மாறாமல் போகிறது. உங்கள் நிலையம் தரைக்கடியில் இருந்தாலும் மின்தூக்கி உண்டு. ஸ்ட்ரோலரை எப்போதாவது வெளியே எடுப்பதென்றால் அங்கே எடுக்கலாம், ஆனால் நகரும் படிக்கட்டில் ஏற்றாதீர்கள். காலை நெரிசல் தணிந்த பதினொரு மணிவாக்கில், முதலில் சென்ட்ரல் வரை மட்டும் போய்த் திரும்புங்கள். குழந்தை எப்போது சிணுங்குகிறான், பையில் எது எப்போதும் கைக்கு எட்டுவதில்லை என்பதெல்லாம் அந்தச் சிறு பயணங்களில் தெரிந்துவிடும். மாலையில் காற்று வாங்க ராயபுரம் ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949இல் தி.மு.க. தொடங்கப்பட்ட பொதுக்கூட்டம் நடந்த இடம் என்று உங்கள் மாமனார் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்ல ஆரம்பித்தால், அவர்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். மணலிப் பக்கமிருந்து ரசாயன நெடி கனமாக வரும் நாட்களில் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டிலேயே இருங்கள். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் மாமியாரின் பயம் முற்றிலும் நியாயமானது.

வெளியே பசித்தால் என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015இலேயே தொடங்கப்பட்டன; ஆனால் எல்லா இடத்திலும் அவை திறந்தும் சுத்தமாகவும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுக்கப் போகும்போது, புடவைப் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் "குழந்தைக்குப் பால் குடுக்கணும்மா" என்று சொல்லிப் பாருங்கள். மடிப்புக் கலைந்த புடவைகளை ஒதுக்கிவிட்டு, மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மின்விசிறியையும் உங்கள் பக்கம் திருப்பி வைப்பார். நீங்கள் அங்கே ஒரு கைக்குட்டைகூட வாங்காவிட்டாலும் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும்.

அதே தாராளம்தான் உங்களைப் பதற வைக்கும் கைகளிலும் இருக்கிறது. இங்கே தெருவில் ஒரு குழந்தை வந்தால் அது தெருவுக்கே பொதுச்சொத்து. பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவது, உறவு கொண்டாடுவது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அதற்காக யார் வேண்டுமானாலும் முத்தமிடலாம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. "ஆயா, கைய மட்டும் கழுவிட்டு வாங்க, டாக்டர் சொல்லியிருக்காரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பழியைத் தாங்கிக்கொள்ள மருத்துவர் இருக்கிறார். திருஷ்டிப் பொட்டு வைத்தால் கன்னத்திலோ பாதத்திலோ இருக்கட்டும். கடையில் வாங்கும் கண்மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் கண்ணுக்குள் மை தீட்ட மட்டும் விடாதீர்கள்.

மாமியாரை எதிர்த்தரப்பில் நிறுத்தாதீர்கள். ஒரு வயது வரை வெளியே கூடாது என்று சொல்பவருக்கு, "இன்னிக்கு அரை மணி நேரம் பூங்காவுக்குப் போறோம் அத்தை, நீங்களும் வாங்க" என்பதுதான் பதில். நான்கைந்து முறை உடன் வந்து, பேரன் நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்தவர், கல்யாணப் பயணத்துக்குத் தடை சொல்வது குறையும். அப்படியும் சொன்னால், அவரிடம் பேச வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர்.

இரவு அழுகையைப் பற்றி ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள்; நான் கடந்துபோக மாட்டேன். தாய்வீடு தொலைவில் இருக்கிறது, இங்கே இரவு பத்து மணி என்றால் கிள்ளானில் நள்ளிரவு பன்னிரண்டரை. மனம் கனக்கும் நேரத்தில் அம்மா உறங்கியிருப்பார். அம்மாவுடன் பேசுவதைப் பிற்பகலுக்கு மாற்றி, அதை அன்றாட வழக்கமாக்குங்கள். ஆனால் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, பசியும் உறக்கமும் கெட்டாலோ, குழந்தையின் மீதே பிடிப்பில்லாதது போலத் தோன்றினாலோ, அதை ஊர் ஏக்கம் என்று ஒதுக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

இனி பயணம். டிக்கெட் எடுக்கும் முன் இருவருடைய விசாவையும் எடுத்துப் பாருங்கள். மகன் மலேசியக் கடவுச்சீட்டில் வந்திருப்பான் என்று கொள்கிறேன். ஒருமுறை மட்டுமே நுழைய அனுமதிக்கும் விசாவாக இருந்தால், கல்யாணத்துக்குப் போவது எளிது, திரும்பி வருவதுதான் சிக்கல். அப்படியானால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். தந்தை இந்தியக் குடிமகன் என்பதால் மகனுக்கு ஓ.சி.ஐ. எனும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை பெறத் தகுதி உண்டு. உங்களுக்குத் திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். இந்த அலைச்சலை உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். உடன் வர முடியாதவர் செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான். குழந்தை தாயோடு பயணம் செய்யச் சம்மதம் என்று அவர் கையொப்பமிட்டு, நோட்டரி சான்று பெற்ற கடிதம் ஒன்றும், பிறப்புச் சான்றிதழின் நகலும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

தடுப்பூசியில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மலேசிய அட்டவணையில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி 2, 3, 5 மாதங்களில் வருகிறது. நிமோகாக்கல் ஊசி 4, 6 மாதங்களில். நீங்கள் வந்தபோது மகனுக்கு நான்கு மாதம் என்றால், ஐந்தாம் மாத ஊசியும் ஆறாம் மாத ஊசியும் சென்னையில் போட்டிருக்க வேண்டியவை. விட்டுப்போயிருந்தால், அங்கு தந்த பதிவேட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். ஒன்பதாம் மாதத்தில் இங்கே அரசு மையங்களில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடுகிறார்கள். மலேசியாவில் பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். கல்யாணமும் ஒன்பதாம் மாதமும் ஒன்றாக வருவதால் எங்கே போடுவது என்பதை அதே மருத்துவரிடம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மடியில் வைத்துச் செல்லும் கட்டணம்தான். தொட்டில் வசதியுள்ள முன்வரிசை இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். குறைந்த கட்டண விமானங்களில் அது பெரும்பாலும் இருக்காது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அதிகம் அடைக்கும். தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும் என்பதால், அதற்குள் வயிறு நிறையக் கொடுத்துவிடாமல், அந்த நேரத்துக்குப் பாலை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கான பாலும் உணவும் நூறு மில்லி கட்டுப்பாட்டுக்குள் வராது. பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். நள்ளிரவு விமானத்தைத் தவிர்த்துப் பகல் விமானமாகப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் மெட்ரோ ஓடாது. திரும்பி வரும் நாளில் உறங்கும் குழந்தையோடு மீனம்பாக்கத்தில் கார் தேடி நிற்கக் கூடாது.

மலேசியாவில் 2020 ஜனவரி முதல் காரில் குழந்தை இருக்கை கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு அழைக்க வரும் காரில் அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தம்பியிடம் சொல்லாதீர்கள், மாப்பிள்ளை கட்டாயம் மறந்துவிடுவார். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.